எலுமிச்சைச் சாறும் எங்கள் தெரு ஜட்ஜும்

ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றை நாக்கில் விட்டு, அதைப் பிழிந்தவர் அன்று காலை வீட்டில் சண்டை போட்டாரா இல்லையா என்று சொல்லிவிடக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் தெருக்காரர். நண்பர்கள் தங்கள் ஊர்க் கோயிலையும் அல்வாவையும் பற்றிப் பெருமை அடிக்கும்போது நான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் இவரைப் பற்றிச் சொல்வேன். அதற்குப் பிறகு யாரும் அல்வா பேச்சை எடுப்பதில்லை.

மசாலா ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் வேலை கிடைத்து நானும் மனைவி செல்வியும் கொச்சி மட்டாஞ்சேரிக்குக் குடிபோனபோது, எங்கள் வீட்டுக்கு எதிரே அவருடைய தையல் கடை இருந்தது. பள்ளிச் சீருடையும் மாதா கோயில் பாடகர்களின் அங்கியும் தைப்பார். இளம் வயதில் தூத்துக்குடியிலிருந்து வந்தவர். பெயர் ஏதோ இருந்திருக்க வேண்டும். தெரு முழுக்க அவரை ஜட்ஜ் என்றுதான் கூப்பிட்டது. தபால்காரர் கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

காரணம் கிறிஸ்துமஸ் பன்றிக்கறி. எங்கள் தெருவில் எல்லா வீடும் சேர்ந்து கறி வாங்கி, முந்தின நாளே ஒரே செம்பில் ஊறப்போட்டு, மறுநாள் காலையில் பங்கு வைப்பது வழக்கம். செம்பு என்றால் சொம்பு இல்லை. ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிய அண்டா. பக்கத்துத் தெருக்களில் கறிக்கு வினிகர் ஊற்றுவார்கள். எங்கள் தெருவில் வினிகர் என்று சொன்னால் வீடு காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். எலுமிச்சைச் சாறு, புளிப்பு அடங்கக் கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு, குவியல் குவியலாக இடித்த பூண்டு, ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, மஞ்சள், உப்பு. ரகசியம் ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால் பிழிகிற கை ஜட்ஜிடம் பாஸாக வேண்டும்.

அவர் சொல்லும் காரணம் இது: கோபத்தில் இருப்பவன் காயைப் பிழிவதில்லை, கழுத்தை நெரிக்கிறான். தோலில் இருக்கும் கசப்பும் சாற்றோடு இறங்கிவிடும். ஊறிய கறியில் அது அப்படியே உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒவ்வொருவரும் ஒரு காயைக் கிண்ணத்தில் பிழிந்து அவரிடம் நீட்ட வேண்டும். அவர் கண்ணை மூடி ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார். தேறியவர் செம்புப் பக்கம் போகலாம். தேறாதவர் யாரோடு பிணக்கோ அவரோடு சமாதானமாகி வர வேண்டும்.

தேறாமல் போவதைப் போல ஒரு மானக்கேடு கிடையாது. வீட்டுச் சண்டை தெருவுக்கே அம்பலமாகிவிடுமே! கிறிஸ்துமஸ் நோன்பு முடியும் வாரத்தில் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் திடீரென்று காலை வணக்கங்கள் பெருகும். மதில் தகராறில் வருடம் முழுக்க முகம் திருப்பிக்கொண்டு போன அண்ணனும் தம்பியும் ஒரே ஸ்கூட்டரில் காய்கறி வாங்கப் போவார்கள். மாமியார் மருமகளுக்குத் தலை வாரிவிடுவார்.

எங்களுக்கும் ஒரு வருடம் அந்த மானக்கேடு நேர்ந்தது. மோட்டாரை நிறுத்த மறந்து மாடித் தொட்டி வழிந்தது யாரால் என்று வாசல்வரை பேசிக்கொண்டே போனோம். செல்வி பன்றிக்கறி தொடமாட்டாள்; ஆனாலும் பிழிகிற கௌரவத்தை விட்டுக்கொடுக்க மாட்டாள். ஜட்ஜ் என் சாற்றைச் சுவைத்தார். முகம் சுருங்கியது. காய் சரியில்லை போலிருக்கிறது என்று சமாளித்துப் பார்த்தேன்.

“காயைக் குத்தம் சொல்லாதிய தம்பி. காய் புளியங்குடிக் காய். கைதான் சரியில்ல” என்றார். அடுத்து செல்வியின் கிண்ணம். “இவுகளுக்கும் கசப்பு உண்டு. ரெண்டு பேரும் போயி ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க.”

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முனையிலிருந்த சாயாக்கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே, ஜட்ஜ் அனுப்பினாரா என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரி ஒன்றும் சேர்த்து வைத்தார். பாதியைச் செல்வி எனக்குப் பிட்டுக் கொடுத்தாள். திரும்பி வந்து பாஸானோம்.

அப்படிப்பட்ட ஜட்ஜை ஒருவர் மடக்கினார். தெருவுக்கே சேச்சியான, அதாவது அக்காவான, தெரசா சேச்சி, செம்புக்குச் சொந்தக்காரர். நாங்கள் பாஸான அதே நாள், எல்லோரும் பிழிந்துகொண்டிருந்தபோது, இத்தனை வருடத்தில் ஜட்ஜின் கையை யாரும் சோதித்ததில்லையே என்று ஆரம்பித்தார். ஜட்ஜ் சிரித்துக்கொண்டே ஒரு காயைப் பிழிந்து கொடுத்தார். சேச்சி சுவைத்தார். கசப்பில் அவர் முகம் சுருங்கியது, ஜட்ஜின் சிரிப்பு நின்றது.

“ஜட்ஜே, இது கைக்குது. ஆரோடு வழக்கு?”

யாரோடு என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். மனைவி இறந்துபோன பிறகு தனியாளாக வளர்த்த ஒரே மகள் ரோஸி. ஊரில் ஒரு சொந்தக்காரப் பையனுக்குத் தருவதாக ஜட்ஜ் வாக்குக் கொடுத்திருந்தார். அவளோ பக்கத்தில் இருக்கும் கும்பளங்கியில் மீன் வளர்க்கும் ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது, ஒரு பேச்சும் இல்லை.

ஜட்ஜ் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அப்படியென்றால் நான் தொடவில்லை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று கடைக்குள் போய்விட்டார். சேச்சி செம்பை மூடி, பக்கத்தில் முக்காலி போட்டு, மூடிமேல் கையை வைத்து உட்கார்ந்தார். “நியாயம் எல்லார்க்கும் ஒண்ணல்லே? ஜட்ஜ் வந்தாத்தான் தொறக்கும்” என்றார். இருபத்தைந்து நாள் நோன்பிருந்து நாக்குச் செத்துப்போயிருந்த தெரு அது. கறி காத்துக்கொண்டிருந்தது, வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவர்கூட அந்த மூடியைத் திற என்று சொல்லவில்லை. எனக்கு அந்தத் தெருவின்மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

கடைக்குள் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு கால்சட்டையின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார். அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

“தம்பி, பைக்ல பெட்ரோல் இருக்கா?”

கும்பளங்கி வரைக்கும் பின்னால் உட்கார்ந்து, நான் ஹாரன் அடிக்கும் விதத்தில் கோபம் தெரிகிறது என்று விசாரணை நடத்திக்கொண்டே வந்தார். ரோஸியின் வீடு மீன்கட்டு என்கிற மீன் குளத்தின் கரையில் இருந்தது. அவள் வாசலில் நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. ஜட்ஜ் தொண்டையைச் செருமினார்.

“நாரங்கா பிழிய ஆள் கொறவா இருக்கும்மா” என்றார்.

“ரெண்டு கிறிஸ்துமஸ் ஆச்சு. இப்பத்தான் ஆள் கொறவாச்சா அப்பா?”

அவர் தலை குனிந்தார். அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தப்போகிறாள் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். அவள் கணவன் ஸ்கூட்டரை எடுத்தான்.

தெருவே கூடி நிற்க, கூடையில் மிச்சமிருந்த காய் அத்தனையையும் ரோஸியே பிழிந்தாள். பிழிந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஈரத் துணியை முறுக்குவதுபோல முறுக்கினாள். தோல்கள் சுருண்டு சுருண்டு விழுந்தன. இரண்டு வருடத்துக் கோபம் முழுக்க அந்தக் கிண்ணத்தில் இறங்கியது. நிறைந்ததும் அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் கண்ணை மூடி ஒரு சொட்டு வைத்தார். நான் விளிம்பில் வழிந்ததைத் தொட்டு நக்கிப் பார்த்தேன். வேப்பங்காய்.

“கசக்கல” என்றார் ஜட்ஜ். கிண்ணத்தோடு செம்பில் கவிழ்த்தார். கவிழ்த்துவிட்டுச் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, மகளோடு சேர்ந்து பூண்டையும் மிளகையும் கறியில் பிசைய ஆரம்பித்தார்.

மறுநாள் பங்குக் கறி எங்கள் வீட்டிலும் வெந்தது. தெருவில் எந்தச் சட்டியிலும் ஒரு துண்டு மிஞ்சவில்லை. நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வி, கறி கசக்கிறதாமே என்று மெதுவாகக் கேட்டாள்.

“யார் சொன்னது? ஜட்ஜே சொல்லிவிட்டார், கசக்கலை” என்றேன்.