மாமனாரைத் தொலைத்த சைலன்சர்

பர்ஸைத் தொலைத்தவர்கள் உண்டு, வண்டிச் சாவியைத் தொலைத்தவர்கள் உண்டு. நான் மாமனாரையே தொலைத்தவன். அதுவும் கல்யாணமான ஒன்றரை மாதத்தில், பட்டப்பகலில், என் பைக்கின் பின்சீட்டிலிருந்து.

அப்போது வண்டியோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டியிருந்தேன். பெயர்தான் சைலன்சர். நான் அம்பத்தூரில் ஸ்டார்ட் செய்தால் ஆவடியில் குழந்தை அழும். (வேலைக்குப் போகிற, மீசை வைத்த, இருபத்தேழு வயது ஆள் செய்கிற காரியமா இது? செய்தேன்.) எங்கள் கள்ளிக்குப்பத்து நாய்கள்கூட என்னைத் துரத்துவதை நிறுத்தியிருந்தன. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று நசரத்பேட்டையில் என் மனைவியின் சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம். மனைவியும் மாமியாரும் முதல் நாளே போய்விட்டார்கள். மாமனாரை அழைத்துவரும் பொறுப்பு என்னுடையது. முப்பது வருஷம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மிஷின் ஓட்டியவர். ஐம்பது கிலோ இருந்தால் அதிகம். நான் கொடுத்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்.

"மாப்ளே, சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா கீதே?"

"அதான் மாமா சேஃப்டி. நாம வர்றது லாரிக்காரனுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்ல?"

வழியெல்லாம் அவருக்குச் சாலைப் பாதுகாப்பு வகுப்பெடுத்தபடியே ஓட்டினேன். வேலப்பன்சாவடி சிக்னலில் நின்று, பச்சை விழுந்ததும் பறந்தேன். வகுப்பு தொடர்ந்தது. குமணன்சாவடியில் டிராபிக் போலீஸ் கைகாட்டி ஓரங்கட்டினார்கள். எஸ்.ஐ. கையில் சத்தத்தை அளக்கிற கருவி.

"இன்னாப்பா இது, பைக்கா, ரைஸ்மில்லா?"

"சார், நான் ரொம்ப நிதானமா ஓட்றவன். வேணும்னா எங்க மாமனாரையே கேளுங்க."

"எந்த மாமனாரு?"

திரும்பினேன். சீட் காலி.

வண்டி குலுங்கிய குலுக்கலில் முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியவில்லை. போனை எடுத்தால் பதினோரு மிஸ்டு கால், எல்லாம் அவருடையது. திருப்பி அடித்தேன். ரிங் போனது, எடுக்கவில்லை. நாங்கள் தாண்டி வந்த தண்ணி லாரிகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. எஸ்.ஐ.யின் முகமும் மாறிவிட்டது. கருவியைக் கீழே வைத்துவிட்டு வாக்கி-டாக்கியை எடுத்தார்.

அப்போதுதான் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பூக்கூடைக்கார அம்மாக்கள் இருவருக்கு நடுவே, தலையில் ஹெல்மெட்டோடு, மடியில் பழப்பையோடு மாமனார் உட்கார்ந்திருந்தார். (போன் அடித்தது ஹெல்மெட்டுக்குள் கேட்கவில்லையாம்.)

"சிக்னல்ல பை வுயுந்துச்சு, எட்க்கலாம்னு எறங்குனேன். 'மாப்ளே, மாப்ளே'ன்னு கத்துறேன், நீங்க பாட்டுக்குப் போயிகினே கீறீங்க. ரோடே திரும்பிப் பாத்துச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கல!"

ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். அழுதுவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "சார், எத்தனை கேஸ் வேணும்னாலும் போடுங்க சார்" என்று எஸ்.ஐ.யிடம் நான் சொன்னது முழு மனதோடு சொன்னது. அவர் ஒன்றே ஒன்று போட்டார். பக்கத்து மெக்கானிக் ஷாப்பில் அந்தச் சனியனைக் கழற்றி ஒப்படைத்துவிட்டு, ஒரு பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அதைவிட, மாமனார் இருமுவது கேட்டது. அவ்வளவு இனிமையான இருமலை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

"வீட்ல சொல்லிடாதீங்க மாமா."

"சேச்சே, நான் எதுக்கு மாப்ளே சொல்லப் போறேன்?"

பந்தியில் பாயசம் வருவதற்குள் பந்தலுக்கே தெரிந்துவிட்டது.

இப்போது கார் வாங்கிவிட்டோம். எல்லாக் கதவையும் சாத்திய பிறகும், "எதுக்கும் ஒரு தடவ அட்டெண்டன்ஸ் எடுத்துடுங்க" என்பாள் மனைவி. நானும் திரும்பிப் பார்த்து, "மாமா?" என்பேன். பின்சீட்டிலிருந்து கணீரென்று வரும்:

"உள்ளேன் ஐயா!"