விடாப்பிடிப் பக்கம்

பக்கம் கையோடு வந்துவிட்டது.

"ஐயையோ!" என்றார் அவர். எதற்கெடுத்தாலும் அதையே சொல்வதால் அகராதி அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ஐயையோதான். ஆனால் இது நியாயமான ஐயையோ. கிழிந்தது லேசுப்பட்ட புத்தகமா என்ன? நூறு வருஷத்துக்கும் முந்தைய ஆங்கிலம்-தமிழ் அகராதி. இருப்பது அந்த ஒரே பிரதிதான்.

சொற்களை அகரவரிசையில் அடுக்காமல் பொருள்வாரியாக அடுக்கிய அகராதி அது. நனைதலுக்கு ஒரு பக்கம், பிடித்தலுக்கு ஒரு பக்கம். பழைய விளக்கங்களை இன்றைய தமிழில் மாற்றி எழுதுவதுதான் அலுவலக வேலை. ஐயையோவின் தலையில் விழுந்தது பிடித்தல். ஹோல்ட் என்றால் 'கைவசப்படுத்தியிருத்தல்', கிரிப் என்றால் 'இறுகப் பற்றுகை', கிளட்ச் என்றால் 'அச்சத்தாற் கவ்வுதல்' என்று அந்தக் காலத்து மனிதர் எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். இவர் மாற்றி எழுதியதையெல்லாம் ஆசிரியர் திருப்பி வீசினார்.

"அர்த்தம் இருக்குய்யா, அனுபவம் இல்லை! திங்கட்கிழமை சரியா வரலைன்னா வேற வேலை பார்த்துக்குங்க."

பிறகு என்ன நினைத்தாரோ, யாரையும் தொடவிடாத அகராதியைத் தன் கையாலேயே பையில் போட்டுக் கொடுத்தார். "வீட்டுல வெச்சு எழுதுங்க. ஒரு கீறல் விழுந்துது, தொலைச்சுப்புடுவேன்."

இன்று திங்கட்கிழமை. இதுவோ மாமனார் யார் யார் கையையோ காலையோ பிடித்து வாங்கிக் கொடுத்த வேலை. இதுவும் போனால் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

"ஒட்டிடலாங்க. உங்க பையிலயே பசை இருக்கே" என்றாள் மனைவி.

"நான் வைக்கலையே!"

"கடவுளே வெச்சார்னு நெனச்சுக்குங்க. பிடிங்க."

ஐயையோ அவசரத்தில் பசையைத் தாராளமாகவே பிதுக்கிவிட்டார். பக்கம் அழகாக ஒட்டியது. கூடவே வலது கை விரல்களும் ஒட்டின. பிய்க்கப் போன இடது கையும் மாட்டிக்கொண்டது.

"ஐயையோ!"

"கத்தாதீங்க, வெந்நீர் ஊத்தினா விட்டுடும்."

ஊற்றினாள். விரல் விடவில்லை, பக்கம்தான் சுருங்கியது. சுருக்கம் எடுக்க இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். ஓரம் பழுப்பேறியது. எண்ணெய் தடவினாள். பசையைத் தவிர மற்ற எல்லாம் ஊறியது.

"நீ ஒண்ணும் செய்யாதே தாயே!" என்று கும்பிடப் பார்த்தார். அதற்கும் கை வரவில்லை. நல்லவேளை, சட்டை முன்பே போட்டிருந்தார்.

பேருந்தில் நடத்துநர் எரிந்து விழுந்தார். "கம்பியைப் பிடிங்க சார்!"

"முடியாதுங்க."

"படிச்சது போதும், புத்தகத்தை மூடிட்டுப் பிடிங்க!"

"மூடவும் முடியாதுங்க!"

முட்டி மோதி இறங்கி, அலுவலக மாடி ஏறுவதற்குள் ஐயையோவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. நனைதல் பக்கம் எழுதியதிலிருந்து சளியோடு கிடக்கும் மூலை மேஜைக்காரர், இவர் கையைப் பார்த்துப் பாவம் என்பதுபோல் தும்மினார்.

ஆசிரியர் கையை நீட்டினார். "கொடுங்க."

"வேண்டாம் சார்."

ஆசிரியர் இழுத்தார். ஐயையோவும் சேர்ந்து மேஜைமேல் வந்தார்.

"விடுங்கய்யா!"

"விட்டா என் பொழப்பே போயிடும் சார்!"

"அதான் கிளட்ச்சா?"

"ஆமா சார்!"

"அப்போ கிரிப்?"

"ரத்தம் செத்து விரல் வெளுத்துப்போறது சார்."

"ஹோல்ட்?"

"வலிக்காத மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டே தாங்குறது." ஐயையோ அழுதேவிட்டார். "அதோட, இப்போ நான் இதைப் பிடிக்கலை சார். இதுதான் என்னைப் பிடிச்சிருக்கு. உங்க அகராதியில இதுக்கு ஒரு சொல்லும் இல்லை!"

ஆசிரியர் பரபரவென்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். முகமெல்லாம் பல். "இதைத்தான்யா கேட்டேன்! உங்க வேலை நிரந்தரம்."

"சார்... புத்தகம் பாழாயிடுச்சே?"

"பழைய அர்த்தம்தானே? போகட்டும் விடுங்க."

ஐயையோவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அலுவலகம் பெருக்கும் அம்மா கிண்ணமும் ஒரு சின்னக் குப்பியும் கொண்டுவந்து, எத்தனையோ பேருக்குச் செய்தவள்போல் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். ஆசிரியர் அலமாரியிலிருந்து எதையோ எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வெளியே போனார். சற்று நேரத்தில் கையைத் துடைத்தபடி திரும்பி வந்தார்.

"அடுத்த பக்கமும் உங்களுக்குத்தான். விழுதல். போய் வீட்டுல நல்ல சேதியைச் சொல்லிட்டு வாங்க, ஓடுங்க!"

வேலை நிரந்தரம்! மாமனார் வீட்டு வாசலை இனித் தலைநிமிர்ந்து மிதிக்கலாம். ஐயையோ ஒரே ஓட்டமாக மாடிப்படியை நோக்கி ஓடினார்.

பெருக்கும் அம்மா பின்னாலிருந்து கத்தினாள்:

"கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க சார்! உங்க பையில பசை வெச்ச அதே கையாலதான் இப்போ படியெல்லாம் எண்ணெய் ஊத்திட்டு வந்திருக்காரு!"