குடுமிக்காரனுக்கு வார ஓய்வு

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதும் கடிதம். நீங்களும் என் மகளும் குழந்தையும் சௌக்கியமா என்று விசாரிப்பதுதான் முறை. சௌக்கியமாகத்தான் இருக்கிறீர்கள் என்பதை நேற்று நீங்கள் குரூப்பில் போட்ட மூன்று மஞ்சள் சிரிப்பு மூஞ்சிகளே சொல்லிவிட்டன. நானும் சௌக்கியம். குளியலறைக் குழாய் மட்டும் ஒழுகுகிறது. பகலெல்லாம் அதுதான் எனக்குப் பேச்சுத் துணை என்பதால் ஆளைக் கூப்பிடாமல் இருக்கிறேன்.

நம் குடும்பக் கற்பனைக் கால்பந்து லீக்கின் தலைவர் என்ற முறையில் நீங்கள் அனுப்பிய செய்தியை நான்கு முறை படித்தேன். பதினாறு வாரமாக நான் கடைசி இடத்தில் இருக்கிறேனாம். வருகிற நல்ல ஆள் மாற்றங்களை எல்லாம் காரணம் சொல்லாமல் மறுக்கிறேனாம். ஆட்டத்தின் சுவாரசியமே போய்விட்டதென்று மற்ற ஏழு பேரும் புகாராம். வெள்ளிக்கிழமையோடு ஆள் மாற்றும் கெடு முடிகிறதாம், அதற்குள் உங்கள் மச்சான் கேட்கிற மாற்றத்துக்கு நான் தலையாட்டாவிட்டால் என் டீமைப் பறித்து, நம் லீக்கில் இருக்கிற உங்கள் சிநேகிதர் பல் டாக்டரின் தம்பியிடம் கொடுத்துவிடுவீர்களாம். நல்லது. முப்பத்து நான்கு வருஷம் பஸ் டெப்போவில் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு டிரைவருக்கு டியூட்டி சார்ட் போட்டவன் நான். எத்தனையோ பேருக்கு மெமோ கொடுத்த கை இப்போது மெமோ வாங்குகிறது. வாங்கிக்கொள்கிறேன். மெமோவுக்கு விளக்கம் கொடுப்பது என் உரிமை, அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த லீக்கில் நானாக வந்து சேரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் வந்து என் போனைப் பிடுங்கி ஏதோ ஆப்பை இறக்கி, "சும்மா உக்காந்து சுவத்தைப் பாக்குறதுக்கு இதையாவது பாருங்கப்பா" என்று கையில் திணித்துவிட்டுப் போனாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. அதில் உங்கள் மச்சானும் இருக்கிறான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டேன். பத்தொன்பது மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவனோடு எனக்கென்ன விளையாட்டு வேண்டிக்கிடக்கிறது.

சரி, ஆள் பொறுக்கிய அந்த டிராஃப்ட் நாளுக்கு வருவோம். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்தோம். எட்டாவது ஆளான உங்கள் மச்சான் வெளியூரில் இருந்தபடி போனில். அந்தப் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்திருந்தீர்கள். அதில் அவன் முகம் தெரியவில்லை, ஒரு சுவரும் பாதி ஜன்னலும்தான் தெரிந்தன. ஆளுக்கொருவராக முறை வைத்து நிஜ வீரர்களில் பதினைந்து பேரைப் பொறுக்க வேண்டும், ஒருவர் எடுத்தவனை மற்றவர் தொடக்கூடாது, வாரா வாரம் பதினோரு பேரை இறக்கி நாலு பேரை பெஞ்சில் வைக்க வேண்டும், இறக்கியவன் நிஜ ஆட்டத்தில் கோல் போட்டால் நமக்குப் பாயிண்ட், பெஞ்சில் இருப்பவன் வானத்தையே வில்லாக வளைத்தாலும் சைபர் என்று நீங்கள்தான் விளக்கினீர்கள். அதற்குமேல் பல் டாக்டர் ஒரு பாடம் எடுத்தார். முதல் சுற்றில் கோல் அடிக்கிறவனை எடுக்கணும், கோல்கீப்பரைக் கடைசியில் எடுத்தால் போதும், வயசானவன் பக்கமே போகக்கூடாது, ஒரே கிளப்பில் இருந்து ரெண்டு பேருக்கு மேல் கூடாது. கையில் லேமினேஷன் போட்ட பட்டியல் வேறு. வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய மனுஷன், தன் வாயை மூடத் தெரியவில்லை.

ஆள் எடுப்பது பற்றி எனக்குப் பாடம். குலுக்கலில் எனக்கு எட்டாவது இடம், உங்கள் மச்சானுக்கு ஏழாவது. முதல் சுற்று ஒன்றிலிருந்து எட்டு, அடுத்த சுற்று எட்டிலிருந்து ஒன்று என்பதால் நான் அடுத்தடுத்து இரண்டு ஆள் எடுக்கலாம். முதலில் கோல்கீப்பரை எடுத்தேன். மேசையே சிரித்தது. சிரிக்கட்டும். மற்றவன் எல்லாம் ஓடுவான், விழுவான், நடுவில் காணாமல் போவான். தொண்ணூறு நிமிஷமும் இடத்தைவிட்டு நகராமல் டியூட்டி பார்ப்பவன் அவன் ஒருத்தன்தான். அடுத்த கையோடு அந்தச் சிவப்புச் சட்டை கிளப்பின் குடுமிக்காரனை எடுத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. உங்கள் மச்சான் ஏழாவதாக வேறொருவனை எடுத்துவிட்டு, பத்தாவது முறையில் குடுமிக்காரன் தனக்குத்தான் என்று நம்பி உட்கார்ந்திருந்தானாம். எனக்கு எப்படித் தெரியும்? போனில் அந்தப் பாதி ஜன்னலும் ஆடிப்போனது, எல்லோரும் போன் பக்கம் சாய்ந்ததில் ஜக்கும் ஆடியது, நீங்கள்தான் பிடித்தீர்கள். அதற்கப்புறம் அதே கிளப்பில் இருந்தே இன்னும் மூன்று பேரை வரிசையாக எடுத்தேன். "ஒரே கிளப்ல நாலு பேரா அங்கிள்? அவங்க தோத்தா மொத்தமும் போச்சே" என்று டாக்டர் எனக்காகப் பதறினார். ஒரே டெப்போ ஆட்கள் என்றால் ஒருத்தன் குணம் இன்னொருத்தனுக்குத் தெரியும், சண்டை வராது என்று சொல்லி அவரை உட்கார வைத்தேன். மிச்ச ஆட்களை சீனியாரிட்டிப்படி எடுத்தேன். அதில் முப்பத்தொன்பது வயசு ஆள் ஒருவன். மூன்றாவது வாரமே அவன் நிஜமாகவே ஓய்வு பெற்றுவிட்டான். அவனை நீக்கிவிட்டு வேறு ஆளைச் சேர்க்கச் சொல்லி ஆப் தினமும் மணி அடித்தது. ரிட்டையர் ஆன மறுநாளே ஆளைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. அப்படித் தூக்கிப் போட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐந்து வாரம் வைத்திருந்தேன்.

இனி உங்கள் பிரதான குற்றச்சாட்டு. பதினைந்து பேரில் வாரம் நாலு பேர் உட்கார வேண்டும் என்றால் எவன் ஆடவில்லையோ அவனை உட்கார வைக்க வேண்டும் என்பது உங்கள் சாஸ்திரம். என் சாஸ்திரம் சார்ட். எல்லோருக்கும் சுழற்சி முறையில் வார ஓய்வு. நல்லா ஓட்டுகிறான் என்பதற்காக ஒருத்தனுக்கு லீவே கொடுக்காமல் ஓட்டினால் ஆறாம் மாதம் அவன் வண்டியை மரத்தில் கொண்டுபோய்ச் சாத்துவான். நான் கண்ணால் பார்த்தவன். அதனால் ஏழாவது வாரம் குடுமிக்காரனுக்கு ஓய்வு போட்டேன். அந்தப் பாவி அன்றைக்கென்று மூன்று கோல் அடித்தான். குரூப்பில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னை உப்புப் போட்டு ஊறவைத்தீர்கள். கோல்கீப்பருக்கு ஓய்வு கொடுத்த வாரம், அவனுக்குப் பதில் இறக்கிய ஸ்பேர் ஆள் ஆறு கோல் விட்டான். முழங்கால் பிசகியவனுக்கு லைட் டியூட்டி போட வழி உண்டா என்று ஆப் முழுக்கத் தேடினேன். அப்படி ஒரு பட்டனே இல்லை. மனுஷனை மனுஷனாக மதிக்காத ஆப் என்று எழுதி அனுப்பினேன், உங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் பதில் போட்டது. இதெல்லாம் என் தப்பா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று என் மகளே குரூப்பில் எழுதினாள். பெற்ற மகள்.

உங்கள் மச்சான் கேட்கிற மாற்றத்துக்கு வருகிறேன். ஆமாம், குடுமிக்காரனைக் கேட்டு வரிசையாக அனுப்பிக்கொண்டிருக்கிறான். முதலில் ஒருத்தனைத் தருவதாகச் சொன்னான், அப்புறம் இரண்டு பேர், போன வாரம் மூன்று பேர், அதில் ஒருவன் லீக்கிலேயே அதிகப் பாயிண்ட் எடுத்தவன். மூளை உள்ள எவனும் மறுக்க மாட்டான் என்கிறார் டாக்டர். நான் மறுத்தேன். நீங்கள் போன் செய்து, "மாமா, தப்பா நினைக்காதீங்க. அவன் மேல இருக்குற கோவத்தை ஏன் டீம்ல காட்டுறீங்க?" என்று கேட்டீர்கள். நான் பட்டென்று போனை வைத்துவிட்டேன். அதற்கு மன்னிக்கவும். ஆனால் கோபம் யாருக்கு யார்மேல் என்று தெரிந்துதான் கேட்டீர்களா?

உங்கள் மாமியார் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். பதினோரு நாளும் நான் போனேன், போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சார்ட்டை முடித்து போர்டில் ஒட்டிவிட்டுத்தான் போனேன், அதுவும் உண்மை. கடைசி நாள் பதினெட்டு டிரைவர் வரவில்லை. வண்டி நின்றால் ஊரே நிற்கும் என்று, ஒருத்தன் ஓய்வைப் பிடுங்கி இன்னொருத்தன் வண்டியில் போட்டு, எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டுப் போய்ச் சேர நாற்பது நிமிஷம் தாமதமாகிவிட்டது, அதுவரை அவள் உயிர் காத்திருக்கவில்லை. வராந்தாவில் உங்கள் மச்சான் நின்றுகொண்டிருந்தான். சத்தம் போடவில்லை. "இன்னைக்கு யாருக்கு லீவு போட்டீங்கப்பா?" என்று மட்டும் கேட்டான். அதுதான் கடைசி. முப்பத்து நான்கு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு லீவு எழுதினவன், தன் பெயருக்கு நேரே ஒருநாள் எழுதிக்கொள்ளவில்லை. நாலு மாதம் கழித்து ரிட்டையர் ஆனபோது மாலை போட்டு, இவர் லீவே எடுக்காதவர் என்று மைக்கில் பாராட்டினார்கள். அந்த மைக்கைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. எறியவில்லை, கும்பிட்டுவிட்டு வந்தேன். இப்போது யாரோ முகம் தெரியாத பந்து உதைக்கிறவர்களுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்க வேண்டுமானால் இதற்குச் சிரியுங்கள், இன்னும் மூன்று மூஞ்சி போடுங்கள்.

ஆகவே தலைவர் அவர்களே, என் முடிவைக் கேளுங்கள். குடுமிக்காரனைத் தர மாட்டேன். உங்கள் மச்சானுக்குப் பிடித்தவன் என்பதற்காகவே தர மாட்டேன், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வரை உங்களைக் காத்திருக்க வைக்கவும் விருப்பமில்லை. இந்தக் கடிதத்தையே என் ராஜினாமாவாக ஏற்று டீமை டாக்டரின் தம்பியிடம் ஒப்படைத்துவிடுங்கள். அந்தத் தம்பியும் அண்ணனைப்போல் பேசுவானா என்று தெரியவில்லை, பேசினால் லீக் தாங்காது. எனக்கு இந்த விளையாட்டும் வேண்டாம், இதில் வருகிற உறவும் வேண்டாம். குழாய் போதும்.

குழந்தைக்கு என் முத்தம். மகளிடம் கூடம் கோணல்தான் என்று சொல்லுங்கள். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருந்து, நூறு வருஷமும் முதல் நான்கு இடத்துக்குள் வரவேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்,
எட்டாம் இடம்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, ராஜினாமாவை ஏற்க வேண்டாம். மேலே எழுதியதில் ஆஸ்பத்திரி உண்மை, கோல்கீப்பர் உண்மை. மிச்சத்தை நம்பாதீர்கள். உங்கள் மச்சான் லீக்கில் இருக்கிறான் என்று தெரிந்துதான் சேர்ந்தேன். ஆப்பை இறக்கித் தரச்சொல்லி என் மகளை வரவழைத்ததே நான்தான். என் பிள்ளைக்கு எந்தக் கிளப் பிடிக்கும், எந்த ஆளைப் பிடிக்கும் என்றும் அவளிடமே கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன். இருபத்து நான்கு வருஷம் என் வீட்டில் வளர்ந்தவன், எனக்கு அது தெரியவில்லை. அவனுக்குப் பிடித்த நாலு பேரும் என்னிடம் இருந்தால் அவன் என்னிடம் வந்துதானே கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எல்லாம் பட்டனில் முடிந்துவிடும் என்று தெரியாது. முதல் ஆறு முறை வெறும் பட்டன்தான் வந்தது.

ஆனால் ஆள் கேட்கும்போது கீழே நாலு வார்த்தை எழுத ஒரு பெட்டி இருக்கிறது. குடுமிக்காரனுக்கு ஓய்வு போட்ட வாரம், ஏழாவது முறை, அந்தப் பெட்டியில் "அவனை ஏன் உக்கார வெச்சிருக்கீங்க?" என்று எழுதியிருந்தான். "அவனுக்கும் ஓய்வு வேண்டாமா?" என்று நான் எழுதினேன். அடுத்த முறை, "வேணும்தான்" என்று வந்தது. அதற்குப் பிறகு அந்தக் குடுமிக்காரனை முறையில்லாமல் மூன்று தடவை உட்கார வைத்திருக்கிறேன். அவன் கிளப் என்னை மன்னிக்கட்டும். நான் சம்மதித்துவிட்டால் என் பிள்ளைக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இருக்காது. அதனால் தலைவர் என்ற அதிகாரத்தில் அந்த வெள்ளிக்கிழமையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடுகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும்.

இன்று காலை பன்னிரண்டாவது வந்தது. யாரைத் தருகிறான் என்று நான் பார்க்கவில்லை. பெட்டியில் "சாப்பிட்டீங்களா?" என்று இருக்கிறது. கீழே ஏற்பதற்கு ஒரு பட்டன், மறுப்பதற்கு ஒரு பட்டன். மறுக்கிற பட்டனை அழுத்தினால்தான் நான் பதில் எழுத வேண்டிய பெட்டி திறக்கும். மறுத்துவிட்டு, சாப்பிட்டேன் என்று எழுதினால் அவன் இன்னொரு தடவை கேட்பானா, மாப்பிள்ளை? உங்களுக்குத்தான் அவனை என்னைவிட நன்றாகத் தெரியும்.