படி விருந்து

"மெயின் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் நான் ஆத்துலயே இருந்துக்கறேன். யாரும் தப்பா எடுத்துக்கப்படாது."

சூடாமணி மாமி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்த அந்தச் செய்தியைச் செம்பியன் சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் போனை மேசைமேல் தூக்கிப் போட்டார். சட்னிக் கிண்ணம் ஆடி நின்றது.

"தப்பா எடுத்துக்கக் கூடாதாம். வேற எப்படி எடுத்துக்கறதாம்?"

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர் மனைவி தமிழ்மொழி, புடவைத் தலைப்பில் ஊக்கைக் குத்திக்கொண்டே, "வயசானவங்க. விடுங்களேன்," என்றாள்.

"எதை விடறது? மேரிம்மா வீட்டு சூப்புக்கு வருவாங்களாம். தல்ஹா வீட்டு ஸ்வீட்டுக்கு வருவாங்களாம். நம்ம வீட்டுக்கு மட்டும் வர மாட்டாங்களாம். ஏன் தெரியுமா? சூப்பு, ஸ்வீட்டுல எல்லாம் ஆச்சாரம் கெடாது. சோறுன்னு வந்தாத்தான் மனுஷங்க சாயம் வெளுக்கும்."

"முட்டி வலியா இருக்கும்."

"உனக்குக் கோபமே வராதா?"

"வருது. ஆனா அவங்க மேல இல்ல," என்று சொல்லிவிட்டுத் தமிழ்மொழி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். செம்பியன் கட்டி வைத்த மதியச் சாப்பாடு வழக்கம்போல மேசையிலேயே இருந்தது. இந்தப் பெண்ணுக்கு எப்போதும் மறதி.

மந்தைவெளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அந்தக் கட்டடம். மாடிக்கு ஒரு வீடாக மொத்தம் நாலு வீடு, லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில் சாந்தோமிலிருந்து வந்த ஆரோக்கியமேரி. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். முதல் மாடியில் மாமி, தனியாக. இரண்டாவதில் செம்பியன் தம்பதி. மூன்றாவதில் தல்ஹா என்ற கம்ப்யூட்டர் பையனும், வாணியம்பாடியிலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்திருக்கும் அவன் மனைவி தூபாவும்.

ஒரு வீட்டில் சூப், அடுத்த வீட்டில் பலகாரம், அதற்கடுத்த வீட்டில் சாப்பாடு, கடைசி வீட்டில் இனிப்பு என்று எல்லாரும் கூட்டமாக வீடு மாறி மாறிச் சாப்பிடும் வழக்கம் தல்ஹாவின் ஆபீஸ்காரர்களிடம் இருந்தது. அவன் அதைப் பேச்சுவாக்கில் சொல்லப்போக, செம்பியன் பிடித்துக்கொண்டார். 'படி விருந்து' என்று பெயரும் வைத்தார். சாப்பாடு தன் வீட்டில் என்று அவரே அறிவித்தார். முப்பது வருஷம் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். யாரையும் கேட்டு அறிவித்துப் பழக்கமில்லை. ஓய்வு பெற்ற பிறகு சண்டை போட நிர்வாகம் இல்லாமல் போனதால் சமையலில் இறங்கியிருந்தார். அதிலும் ஒரு கொள்கை வைத்திருந்தார். நாக்குக்கு அடிமையாகாத சமையல், உடம்புக்கு நல்லது செய்யும் சமையல். செய்ததைத் தூக்குச்சட்டியில் போட்டு மூன்று வீட்டுக்கும் கொடுத்துவிடுவார். சட்டி எப்போதும் சுத்தமாகக் கழுவித் திரும்பி வரும்.

அப்படிப்பட்ட கையால் சமைத்ததை ஒருத்தி வேண்டாம் என்கிறாள். செம்பியனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு மாடி இறங்கி மாமி வீட்டு மணியை அழுத்தினார்.

"வாங்கோ செம்பியன். காபி கலக்கட்டுமா?"

"காபி வேணாம் மாமி. நேரா விஷயத்துக்கு வர்றேன். உங்களுக்காக வெங்காயம் பூண்டு இல்லாம சமைக்கிறேன். பாத்திரம் எல்லாம் புதுசு. ஸ்டவ்வையும் புதுசா வாங்கிடறேன். இதுக்கு மேல என்ன வேணும், சொல்லுங்க."

மாமி முகம் வெளுத்தது. குற்றமுள்ள முகம் என்று செம்பியன் நினைத்துக்கொண்டார்.

"அச்சச்சோ, அதெல்லாம் ஒண்ணுமில்லை. முட்டி வலி. உங்காத்துக்கு மாடி ஏற முடியலை."

"தல்ஹா வீடு எங்க வீட்டுக்கும் மேல மாமி. அங்க மட்டும் எப்படி ஏறுவீங்க?"

மாமி கொஞ்சம் யோசித்தாள். "அதுக்குள்ள கொறஞ்சுடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

செம்பியன் பல்லைக் கடித்துக்கொண்டு படியேறினார். வீட்டுக்குப் போய் குரூப்பில் போட்டார்: 'முதியோர் நலன் கருதி, பிரதானச் சாப்பாடு கார் நிறுத்தும் இடத்தில் பரிமாறப்படும். படி ஏறத் தேவையில்லை.' சாமியானாக் கடைக்குப் போன் செய்து மேசை நாற்காலிக்கும் சொல்லிவிட்டார்.

மாமி உடனே பதில் போட்டாள்: "பனி எனக்கு ஒத்துக்காது."

"மே மாசத்துல பனியா?" என்று செம்பியன் போனைப் பார்த்துக் கத்தினார்.

சரி, கூரை வேண்டும், அவ்வளவுதானே. ஆரோக்கியமேரி வீட்டு ஹால் பெரியது. அவர் போனபோது அவள் வாசல்படியில் உட்கார்ந்து பூனைக்கு மீன் தலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி, மூஞ்சி செவந்து கீது? பிரஷர் மாத்திரை போட்டியா?"

"மேரிம்மா, சாப்பாட்டை உங்க ஹால்லயே வெச்சுக்கலாம். அப்ப மாமிக்குப் படியும் இல்ல, பனியும் இல்ல. என்ன சாக்கு சொல்றாங்கன்னு பார்க்கறேன்."

"வெச்சுக்கோ. நானே ஆக்கிடறேன். உனுக்கு எதுக்கு செரமம்?"

"அங்கதான் விஷயமே இருக்கு. அவங்க சாப்பிட வேண்டியது நான் சமைச்சதை. இது கொள்கைப் பிரச்சினை. உங்க ஹாலை மட்டும் குடுங்க. ஒரே வீட்டுல ரெண்டு ஐட்டம் வேணாம், அதனால சூப்பையும் நானே செஞ்சுடறேன்."

மேரியம்மாவின் கை நின்றது. "என் சூப்பு வேணாமா?"

"தியாகம் பண்ணுங்க மேரிம்மா."

"இன்னாத்துக்குப் பண்ணணும்? எலும்பு வாங்க இன்னிக்கே சொல்லி வெச்சுக்கினு கீறேன். ஐயரு அம்மாவுக்குன்னு தனியா காய் சூப்பு வேற. என் வூட்டுல வந்து என் சூப்பையே வேணாம்னு சொல்றியே, நல்லா கீதா இது? ஹாலும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. போ நைனா."

கதவு சாத்தப்பட்டது. பூனைகூட வெளியேதான் நின்றது.

மேலே வந்த செம்பியனுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. மாமி மேரியம்மாவையும் வளைத்துப் போட்டுவிட்டாள். நிர்வாகம் சங்கத்தை உடைப்பது இப்படித்தான். இதற்கு ஒரே மருந்து, எதிராளியின் கோட்டைக்குள்ளேயே போய்க் கொடி நாட்டுவது. குரூப்பில் மூன்றாவது அறிவிப்பு வந்தது: 'சூடாமணி மாமி எந்த வீட்டுக்கும் வரத் தேவையில்லை. பிரதானச் சாப்பாட்டை நான் சமைத்து எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்கே வருவேன். மாமி வீட்டுத் தட்டிலேயே பரிமாறுவேன். மாமி போட இருந்த போண்டாவையும் நானே போட்டுவிடுவேன்.'

அரை மணி நேரம் கழித்துத் தல்ஹா எழுதினான்: "அங்கிள், அவங்கவங்க வீட்ல சாப்பிட்டுட்டு, மொட்டை மாடில எல்லாரும் சேர்ந்து டீ மட்டும் குடிக்கலாமா?"

படித்த பையன், சின்ன வயசு, அவனே ஆச்சாரத்துக்கு வக்காலத்து வாங்குகிறான். குரூப்பின் அட்மின் செம்பியன்தான். தல்ஹாவை நீக்கினார். அதைக் கேள்வி கேட்டு மேரியம்மா ஒரு குரல் செய்தி அனுப்பினாள். அதில் 'கிறுக்கு' என்ற சொல் தெளிவாகக் கேட்டது. அவளையும் நீக்கினார். சாயங்காலம் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் தமிழ்மொழி போனைப் பார்த்திருக்க வேண்டும். 'தமிழ்மொழி வெளியேறினார்' என்று திரையில் வந்தது. இப்போது குரூப்பில் அவரும் மாமியும் மட்டும் இருந்தார்கள். மாமி ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவளும் வெளியேறினாள்.

"சாமியானாக்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றாள் வீட்டுக்குள் நுழைந்த தமிழ்மொழி.

"மாட்டேன். சனிக்கிழமை விருந்து நடக்கும். நான் ஒருத்தன் நடத்திக் காட்டுவேன்."

சனிக்கிழமை காலையிலேயே சமையலறைக்குள் புகுந்தார். சூப், போண்டா, சாம்பார், கூட்டு, கம்பஞ்சோறு, பாயசம், எல்லாம் ஒற்றை ஆள். சர்க்கரைக்கு நல்லது என்று சாம்பாரில் வெந்தயத்தைத் தாராளமாகப் போட்டார். பாயசத்தில் வெல்லத்தைக் குறைத்து அதிலும் கொஞ்சம் வெந்தயம் போட்டார். கோபத்தில் சமைத்தால் வேலை வேகமாக நடக்கிறது என்று கண்டுகொண்டார்.

இருட்டத் தொடங்கியபோது தமிழ்மொழி, "கீழ போயிட்டு வந்துடறேன்," என்று இறங்கினாள். வரவில்லை.

செம்பியன் காத்திருந்தார். மாடிப்படியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கீழேயிருந்து சிரிப்புச் சத்தம். அதோடு நெய்யில் வறுத்த முந்திரி வாசனை. அது நிச்சயமாக அவர் வீட்டு வாசனை இல்லை.

சாம்பார்ச் சட்டியைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார். மாமி வீட்டு வாசலில் மேரியம்மாவின் ரப்பர் செருப்பு. தல்ஹாவின் ஷூ. தூபாவின் மினுக்குச் செருப்பு. அதற்குப் பக்கத்தில் அவர் போன பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்த பழுப்பு நிறச் செருப்பு ஒரு ஜோடி.

கதவு திறந்துதான் இருந்தது. ஹாலில் எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மேரியம்மாவின் காய் சூப்பை மாமி கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் தட்டில் தூபா வீட்டு நெய்ச்சோறு பாதி தீர்ந்திருந்தது. தமிழ்மொழியின் கன்னம் உப்பியிருந்தது.

"நீயுமா?" என்றார் செம்பியன்.

"பசிச்சுது," என்றாள் அவள், விழுங்கிவிட்டு.

அவர் சட்டியைத் தரையில் வைத்தார். முப்பது வருஷம் கேட் வாசலில் மைக் இல்லாமல் பேசிய குரல் வெளியே வந்தது.

"அப்ப சோறும் ஆகும். மேரிம்மா வீட்டு சூப்பு ஆகும், தூபா வீட்டுச் சோறு ஆகும். செம்பியன் வீட்டுது மட்டும் ஆகாது. முட்டி வலி இல்ல, பனி இல்ல, ஆச்சாரம்கூட இல்ல. என் ஜாதிதான் உங்களுக்குப் பிரச்சினை. இந்தக் காலத்துல, ஒரே மோட்டார் தண்ணியக் குடிச்சிக்கிட்டு, ஒரே படியில ஏறி இறங்கிக்கிட்டு. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க மாமி. என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

மேரியம்மா மின்விசிறியைப் பார்த்தாள். தல்ஹா தட்டில் இல்லாத எதையோ தேடினான். தமிழ்மொழி ஏதோ சொல்ல எழுந்தாள். மாமி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பிறகு நிதானமாகக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஆமாம் செம்பியன். அதான் காரணம். நான் அந்தக் காலத்து மனுஷி. மாத்திக்க முடியலை. எவ்வளவு வேணா திட்டிக்கோங்கோ."

செம்பியன் திட்டினார். அவளையும், அவள் பாட்டன் பூட்டனையும், அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்து தின்பவர்களையும் திட்டினார். மாமி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். இப்படி முழுசாக ஒரு வெற்றி அவருக்குச் சங்கத்தில்கூடக் கிடைத்ததில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி மாடி ஏறினார்.

வீட்டில் ஆறு பாத்திரம் மூடியபடி வரிசையாக இருந்தது. நாற்காலியைப் போட்டு அவற்றின் முன்னால் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் தூபா வாசலில் வந்து நின்றாள். கையில் மூடி போட்ட தட்டு. இந்தக் கட்டடத்துக்கு வந்ததிலிருந்து அவளிடமிருந்து 'ஆமா அங்கிள்', 'இல்ல அங்கிள்' தவிர வேறு பேச்சை அவர் கேட்டதில்லை.

"நெய்ச்சோறு கொண்டாந்தேன் அங்கிள். நீங்க ஒண்ணும் சாப்பிடலைன்னு மாமி குடுத்தனுப்பினாங்க."

"மாமியா? எவ்வளவு தைரியம்." செம்பியன் எழுந்துவிட்டார். "நீ சின்னப் பொண்ணு, உனக்கு இந்த ஊர் விஷயம்லாம் தெரியாது. பார்த்தியா, ஜாதிதான் காரணம்னு அவங்க வாயாலயே ஒப்புக்கிட்டாங்க."

தூபா படிக்கட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். தல்ஹா கீழேயிருந்து அவள் பேரைச் சொல்லி அவசரமாகக் கூப்பிடுவது கேட்டது.

"அது பொய் அங்கிள்," என்றாள் அவள். "நீங்க சமைக்கறதை யாராலயும் வாயில வைக்க முடியலன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு எல்லாரும் முழிச்சப்போ, 'அவர் மனசு உடைஞ்சு போயிடுவார், பழி என் மேலயே இருக்கட்டும்'னு மாமிதான் சொன்னாங்க."