டீஸல் மாமாவுக்கு உடம்பு சரியில்லை

பெண்கள் விடுதி, அடையாறு
தாது வருஷம், மாசி மாதம், புதன்கிழமை

சிரஞ்சீவி சந்திரமௌலிக்கு அக்கா அபயாம்பாள் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இவ்விடம் எல்லாரும் சௌக்கியம் என்று முதலில் எழுதினேன். பொய்யாகப் பட்டதால் அடித்தேன். அசௌக்கியம் என்று எழுதினால் யாருக்கோ என்னவோ என்று பொன்மலையில் நீ பதறுவாய் என்பதால் அதையும் அடித்தேன். மேலே உள்ள இரண்டு மைக்கறைகளுக்கு அதுதான் காரணம். உடம்பு சரியில்லாதது மனிதர் யாருக்கும் இல்லை, நம் விடுதிக் கிணற்றடி இஞ்சினுக்கு.

போன வெள்ளிக்கிழமை காலை அது சூடேறி, புகைந்து, நின்றுவிட்டது. அதைப் பழுது பார்ப்பதா, தள்ளிவிட்டுப் புதிது வாங்குவதா என்று வருகிற சனிக்கிழமை கமிட்டி முன்னால் நான் சொல்ல வேண்டும். நீ ரயில்வே பட்டறையில் இஞ்சின்களோடு நாளெல்லாம் பழகுகிறவன். நான் காலேஜில் படித்தது தர்க்கசாஸ்திரம். அதை வைத்துக்கொண்டு ஐந்து நாளாக இஞ்சினையே சுற்றி வருகிறேன், அது எனக்கு ஒன்றும் பிடிகொடுக்கவில்லை.

முதலில் ஒரு விஷயம். விடுதிப் பெண்கள் என்னை மாமி என்று கூப்பிடுவார்கள். இந்த இஞ்சின் விடியற்காலை ஐந்தரைக்கு நாலு தரம் கனைத்து, ஒரு தரம் பெரிதாக இருமி, அப்புறம்தான் ஓட ஆரம்பிக்கும். அதைக் கேட்டு எவளோ ஒருத்தி, "டீஸல் மாமா எழுந்துட்டார்டி!" என்று சொல்லப் போக, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நான் மாமி, அது மாமா என்றால் எங்கள் இருவருக்கும் என்ன உறவு என்பது எனக்கே ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் கண்டிக்கும் காலம் கடந்துவிட்டது.

மாமா படுத்ததிலிருந்து இருபத்திரண்டு பெண்களும் முறை போட்டுக் கிணற்றில் கையால் தண்ணீர் இறைக்கிறார்கள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை, பேனா பிடிக்க முடியவில்லை என்கிறார்கள். திங்கட்கிழமை கொட்டிவாக்கத்திலிருந்து மரியசெல்வம் என்பவனை வரவழைத்தேன். துறைமுகத்தில் மண் வாரும் கப்பலில் பதினைந்து வருஷம் இஞ்சின் பார்த்தவன். வந்ததும் வராததுமாக, "இன்னாம்மா, இப்டி வேக வெச்சிக்கீறீங்க? தல பொளந்துக்கினு கீது பாரும்மா!" என்றான். சிலிண்டருக்கு மேலே இருக்கும் கனத்த மூடிக்குத் தலை என்று பெயராம். அதில் மயிரிழைபோல ஒரு விரிசல்.

"ரிப்பேர் செய்ய முடியுமா அப்பா?"

"ஜோரா செய்யலாம்மா. தலய மாத்தணும்."

"சரி."

"பிஸ்டன் சொரண்டிக்கினு கீது. அத்தயும் மாத்தணும். ரிங்கு மாத்தணும். சிலிண்டரு உள்ள கீற கொயாய மாத்தணும்."

"பிறகு என்னதான் மிச்சம்?"

இஞ்சினைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தான். "சக்கரம் கீதும்மா. ஸ்டாண்டு கீது. பேர் போட்ட தகடு கீது. அதுங்களுக்கு ஒண்ணியும் ஆவல."

சந்திரமௌலி, அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை அவயவம் வரை மாற்றினால் பழுது பார்த்தது, எத்தனையாவதில் அது வேறு இஞ்சினாகிவிடுகிறது? தகடு மட்டும் பழசு, மற்றதெல்லாம் புதுசு என்றால் கமிட்டிக்கு அதைப் பழுது என்று சொல்வதா, மாற்று என்று சொல்வதா? மரியசெல்வத்தையே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சக்கரம் அதே சக்கரமா இருந்தா அதே இஞ்சின்தாம்மா" என்றான். ஏன் சக்கரம் என்றேன். "அதுதான் ரொம்ப வெயிட்டு" என்றான். இத்தனை நேரான பதிலை நான் எந்தப் பாடபுத்தகத்திலும் வாசித்ததில்லை.

இதெல்லாம் வேண்டாம் என்றால் இன்னொரு வழியும் சொன்னான். விரிசலின் இரண்டு பக்கமும் ஆணி இறக்கிப் பூட்டுப் போட்டால் பத்து நாளில் ஓடுமாம். எவ்வளவு காலத்துக்கு என்றால், "அது மாதாவுக்குத்தான் வெளிச்சம்" என்கிறான்.

கமிட்டிக் காரியதரிசி வேதாந்தத்தை உனக்குத் தெரியும், சித்திரைக்குளத்துப் பக்கம் இருக்கிற ரிடையர்டு முன்சீப். அவரிடம் போனேன். "பழசை வெச்சுண்டு மல்லுக்கட்டாதீங்கோ, புதுசு ஒண்ணு தருவிச்சுடலாம்" என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். "கப்பல்ல வரணும், சித்திரையில வந்துடும்." அதுவரைக்கும் தண்ணீர்? "அதுவரைக்கும் பொண்களை அவா அவா ஆத்துக்கு அனுப்பிடுங்கோ. பரீட்சை எங்கே ஓடிப் போறது, அடுத்த வருஷம் எழுதினாப் போச்சு. நான்தான் அப்பவே சொன்னேனே, இஞ்சின் இருக்கற எடத்துல மேல்பார்வைக்கு ஒரு புருஷா வேணும்னு." ஆத்துக்கு அனுப்பிய பெண் அடுத்த வருஷம் திரும்பி வருவாள் என்று அவர் நம்புகிறார். எனக்கு இருபது வருஷ அனுபவம், நம்பிக்கை வரவில்லை.

அந்தப் பயம் நேற்றே வாசலில் வந்து நின்றது. மன்னார்குடி வக்கீல் ராஜகோபாலனின் பெண் நீரஜா இங்கே இருந்து இன்டர்மீடியட் எழுதப் போகிறாள். கெட்டிக்காரி. ஆனால் கடிதம் எழுதத் தெரியாதவள். சனிக்கிழமை அவள் தகப்பனாருக்கு எழுதியதை, அவர் கையோடு கொண்டுவந்ததால், இப்போது வாசித்துப் பார்த்தேன்: 'டீஸல் மாமாவுக்கு நேற்றுத் திடீரென்று உடம்பு கொதித்துப் பேச்சுமூச்சில்லாமல் போய்விட்டது. மாமி சாப்பிடவே இல்லை. மாமா இல்லாவிட்டால் இங்கே ஒருத்திக்கும் ஸ்நானம் கிடையாது.' இதைப் படித்த மனிதர் அன்றிரவே ரயிலேறிவிட்டார். குடையை மடக்காமலே கேட்டார்: "யார் அந்த மாமா?"

"எந்த மாமா?"

"பொண்கள் விடுதின்னுதானே சொன்னேள்? அவர் இல்லேன்னா யாருக்கும் ஸ்நானம் இல்லையாமே. அது என்ன ஸ்நானம், அதுக்கு எதுக்கு ஒரு மாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கிணற்றடியிலிருந்து மரியசெல்வத்தின் குரல் தோட்டம் முழுவதும் கேட்டது: "அம்மா! ஜாக்கெட்ட கயட்டாம ஒண்ணியும் சொல்ல முடியாதும்மா!"

சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற கூட்டுக்கு ஜாக்கெட் என்று பெயர் என்பதும், உப்புப் படிந்து அது அடைத்திருக்கிறதா என்று திறந்து பார்க்கவேண்டும் என்பதும் உனக்குத் தெரியும். எனக்கே திங்கட்கிழமைதான் தெரியும். ராஜகோபாலனுக்கு அந்த நிமிஷம் தெரியாது. அவர் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். நீரஜா ஓடி வந்து, "அப்பா, மாமாவைப் பாருங்கோ!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இஞ்சினைக் காட்டினாள். மனிதர் அதைப் பார்த்தார், தகட்டை வாசித்தார், அப்புறம்தான் குடையை மடக்கினார். ஆனால் அசடு வழிந்தவர்கள் அதிகக் கோபக்காரர்களாகிவிடுவார்கள் என்பதை நேற்றுக் கண்டுகொண்டேன். "இஞ்சினோ மனுஷாளோ, தண்ணி இல்லாத எடத்துல பொண்ணை விட்டுவைக்க மாட்டேன். மாம்பலத்துல மச்சினன் ஆத்துல இருக்கேன். சனிக்கிழமை உங்க கமிட்டி என்ன சொல்றதுன்னு கேட்டுண்டு, தண்ணி இல்லேன்னா கையோட அழைச்சுண்டு போயிடுவேன். ஒரு ஜாதகமும் வந்திருக்கு" என்றார். நீரஜா அப்போதுதான் இஞ்சினைப் பார்த்தபடியே அழ ஆரம்பித்தாள்.

எனக்குப் படிப்பு கிடைத்தது, பதின்மூன்று வயதில் தாலி போனதால். அப்பா வேறு என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அந்த விலை கொடுக்காமலே ஒரு பெண்ணுக்குப் படிப்பு கிடைக்குமா என்று பார்க்கத்தான் இந்த விடுதியில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். இதை நான் ராஜகோபாலனிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அவர் போனபின் மரியசெல்வம் ஜாக்கெட்டைத் திறந்தான். உள்ளே உப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. "பல்லு வெளக்கினா மாதிரி கீதும்மா. அடைப்பு இல்ல, தண்ணியே சரியா போவல. எவனோ தண்ணிய நிறுத்திக்கீறான்!" என்றான். எனக்குச் சட்டென்று என் நோட்டுப்புத்தகம் ஞாபகம் வந்தது. தை மாதத்திலிருந்து இஞ்சின் எந்தெந்த நாள் அதிகம் சூடேறுகிறது என்று முறையாகக் குறித்து வைத்திருந்தேன். எல்லாம் செவ்வாய், வெள்ளி. வேதாந்தம் அதைப் பார்த்துவிட்டு ராகுகாலத்தில் ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். நான் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திங்களும் வியாழனும் எண்ணெய் டின் வருவதால் புது எண்ணெயில் ஏதோ தோஷம் என்று பக்கத்தின் அடியில் முடிவு எழுதி, கீழே கோடும் போட்டிருந்தேன்.

செவ்வாய், வெள்ளி என்ன நாள், சந்திரமௌலி? பெண்களுக்கு எண்ணெய் ஸ்நானம். இஞ்சினைக் குளிரவைத்துவிட்டு வெளியே வருகிற வெந்நீர் வாழைப்பாத்தியில் வீணாகப் போகிறதே என்று ஐப்பசியில் குழாய் போட்டு அதை ஸ்நான அறைக்குத் திருப்பியது நான்தான். விறகு மிச்சம் என்று உனக்குப் பெருமையாக எழுதவும் எழுதினேன். சமையல்கார தேவானையைக் கூப்பிட்டு, குழாயில் யாராவது கை வைத்தார்களா என்று கேட்டேன்.

"நீங்கதானம்மா சொன்னீங்கோ, வெதுவெதுன்னு வருது, சீயக்கா போட்டா எண்ணெ போவலன்னு. திருவிப் பார்த்தேன், தண்ணி கொறைஞ்சா நல்லா கொதிக்கக் கொதிக்க வருது. அதான் வாரா வாரம் இத்தினி இத்தினியா திருவினேன்."

"போன வெள்ளிக்கிழமை எவ்வளவு திருகினாய்?"

"அன்னைக்கி இருவத்திரண்டு பொண்ணும் ஒண்ணா முழுவுச்சிம்மா. கொஞ்சம் ஜாஸ்திதான்."

காரணத்தை எங்கெங்கோ தேடினேன். அது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தது.

இப்போது நான் உன்னை என்ன கேட்பது என்றே தெரியவில்லை. இஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்று ஒரு இஞ்சினீயர் என்ற முறையில் நீ எழுதிக் கொடுத்தால் என் மானம் பிழைக்கும், ஆனால் புதிதுதான் வாங்குவார்கள், பெண்கள் ஊருக்குப் போவார்கள். கவனக்குறைவு என்று எழுதினால் பழுது பார்க்கச் சம்மதிக்கலாம், ஆனால் மேல்பார்வைக்குப் புருஷா இல்லாத இடம் இப்படித்தான் என்று விடுதியையே மூடலாம். ஒன்றும் எழுதாவிட்டால் நான் பேச வேண்டும், பேசினால் உண்மை வந்துவிடும். எந்த வழியாகப் போனாலும் கடைசியில் நீரஜா மன்னார்குடிக்கு ரயிலேறுகிறாள். பழுதா, மாற்றா? இரண்டில் ஒன்று மட்டும் எழுது. காரணம் எழுதாதே. காரணங்களை நான் இனி நம்புவதாக இல்லை.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசி. எல்லாரும் நீண்ட ஆயுளோடும், அளவான சூட்டோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
அபயாம்பாள்

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை மாலை. மூன்று நாளாக உறையை ஒட்டுவதும் பிரிப்பதுமாக இருந்துவிட்டேன், ஆகையால் மேலே எழுதியது எதற்கும் நீ பதில் எழுத வேண்டாம். கமிட்டி முன்னால் எழுந்து நின்று குழாய் விஷயத்தை முழுவதும் சொல்லிவிட்டேன். ராஜகோபாலனும் வந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் ஜட்கா, ஜட்காவில் நீரஜாவின் பெட்டி. பிறகு வேதாந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெந்நீர் எத்தனை நாழி வரும்?" என்றார். இஞ்சின் ஓடுகிற வரைக்கும் என்றேன். "விறகு?" வேண்டாம் என்றேன். "புகை?" ஸ்நான அறையில் கிடையாது என்றேன். மிச்சமாகும் விறகைக் கணக்குப் பார்ப்பதில் கமிட்டியார் நாலு பேருக்கும் என் குற்றம் மறந்தே போயிற்று. பழையதைப் பத்து நாளில் பூட்டுப் போட்டு ஓட்டுவது, அதுவரை மாட்டுவண்டியில் தண்ணீர் அனுப்புவது, சித்திரையில் புதிது வந்தபின் தண்ணீருக்குப் புதியதையும் வெந்நீருக்குப் பழையதையும் வைத்துக்கொள்வது என்று தீர்மானம். பழுதா, மாற்றா என்று கேட்டிருந்தேன். கமிட்டியின் பதில்: ஆமாம்.

வாசலில் ராஜகோபாலன் என்னைத் தனியாக நிறுத்தினார். "எங்காத்துக் கொல்லைக்குப் பின்னாலேயே நெல் மிஷின். அந்த வெந்நீரெல்லாம் நாளெல்லாம் வாய்க்கால்லேதான் போறது. குழாயை எப்படித் திருப்பினேள்னு விவரமா ஒரு படம் வேணும். பொண்ணு இங்கேயே இருந்து வரைஞ்சு அனுப்பட்டும்" என்றார். ஒரு வாரத்தில் வரைந்துவிடலாம் அப்பா என்று நீரஜா ஆரம்பித்தாள். பரீட்சை முடிகிற வரைக்கும் ஆகும் என்று நான் திருத்தினேன்.