ஈரப்பதம் சாரும் கோவளத்து உப்பும்

தாம்பரம் வட்டாரத்திலேயே காற்றுக்குப் பயந்த ஒரே மனிதர் எங்கள் ஈரப்பதம் சார்தான். மற்றவர்கள் வெயிலுக்குப் பயப்படுவார்கள், வேளச்சேரி சாலை நெரிசலுக்குப் பயப்படுவார்கள், மழை வந்தால் தெருத் தண்ணீர் கேட்டைத் தாண்டி உள்ளே வருமோ என்று பயப்படுவார்கள். இவருக்குக் காற்று. அதிலும் கிழக்கிலிருந்து வருகிற காற்று. சாயங்காலம் எல்லாரும் மொட்டை மாடியில் நின்று, "அப்பாடா, கடல் காத்து வந்துடுச்சு" என்று சொல்லும்போது அவர் மட்டும் தடதடவென்று படியிறங்கி ஓடுவார். கீழே கார் நிற்கிறது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அஸ்தினாபுரத்தில் எங்கள் அபார்ட்மென்டில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. குரோம்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் காற்றின் ஈரத்தைக் காட்டும் சின்ன மீட்டர் இருக்கும். யாராவது குட்மார்னிங் சொன்னால் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "எண்பத்தொண்ணு" என்பார். அந்தக் காலை அவ்வளவு குட் இல்லை என்று அர்த்தம்.

நான் உலோகவியல் படித்தவள். ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. குடிவந்த அன்று அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா காபி கொண்டுவந்து, என்ன வேலை என்று விசாரித்தார்.

"இரும்பு எவ்ளோ சீக்கிரம் துருப்பிடிக்குதுன்னு பாக்குற வேலைக்கா."

"மெதுவா பேசும்மா. எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்தா உன்ன விடமாட்டார்."

விழுந்துவிட்டது. காபி ஆறுவதற்குள் நான் கீழே, காருக்குப் பக்கத்தில், கையில் உறை மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

அது ஸ்டெல்லா அக்காவின் அப்பா ஓட்டிய கார். நீண்ட மூக்கு, உருண்டை விளக்கு, கல்யாண வீட்டு சோபா மாதிரி பின்சீட்டு. அப்பா போன பிறகு பெருங்களத்தூரில் ஒரு கொட்டகையில் பல வருஷம் கோழிகளோடு நின்றதாம். சார் அதை இழுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கொட்டி, தகடு தகடாகப் பிரித்து மறுபடி கோத்து எழுப்பியிருந்தார். நான் எத்தனையோ புதுக் கார்களின் பாகங்களைத் தினமும் பார்க்கிறவள். இந்தக் காரை முதலில் பார்த்தபோது இரண்டு முறை சுற்றிவந்துதான் நின்றேன்.

வெளியே பாலேடு நிறமும் கரும்பச்சையும். பெயிண்டில் குறையே சொல்ல முடியாது. பிரச்சினை பெயிண்ட் இல்லாத இடங்களில்தான். அந்தக் காலத்தில் சில பாகங்களை வெறும் இரும்பாகவே விட்டிருக்கிறார்கள். கதவு போய்ப் பூட்டிக்கொள்ளும் கொக்கி, போனட்டின் கீல், கியர் கம்பிகள், சீட்டு முன்னும் பின்னும் நகர்கிற தண்டவாளம், அப்புறம் எண்ணிலடங்காத போல்ட்டுகள். எல்லாம் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னின.

"இதுக்கெல்லாம் ஒரு கோட் பெயிண்ட் அடிச்சிட்டா நிம்மதியாச்சே சார்" என்றேன்.

என் காதைப் பார்த்தார். "உங்க கம்மலுக்கு பெயிண்ட் அடிப்பீங்களாம்மா?"

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

காரை நெருங்குவதற்குச் சில விதிகள் இருந்தன. வெறும் கை படக்கூடாது, வேர்வையில் உப்பு இருக்கிறது. குனிந்து பார்க்கும்போது பேசக்கூடாது, மூச்சில் ஈரம் இருக்கிறது. ஊறுகாய் சாப்பிட்டுவிட்டு வரக்கூடாது. இந்த மூன்றாவது விதிக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. கேட்டதற்கு, "ஒரு மரியாதைதான்" என்றார்.

கடைக்கு வருகிற லென்ஸ் துடைக்கும் மெல்லிய துணி முழுவதும் காருக்குப் போய்விடும். புதுக் கண்ணாடி வாங்குகிறவர், "துணி தரலையே சார்?" என்று கேட்டால், "சட்டை போட்டுருக்கீங்கல்ல" என்பார்.

செருப்பு டப்பாவிலும் கைப்பையிலும் போட்டு வருமே, 'இதைச் சாப்பிடாதீர்கள்' என்று எழுதிய சின்னப் பொட்டலம், அதற்கு எங்கள் அபார்ட்மென்டில் தனி மதிப்பு. யார் எதை வாங்கினாலும் பொட்டலத்தை எடுத்து அவர் வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அவர் அவற்றைத் துணிப்பையில் தைத்து காருக்குள் தொங்கவிடுவார். வாட்ச்மேன் முனுசாமி அண்ணன் இதில் முழுநேர உளவாளி.

"சார், மூணாவது மாடில புது டிவி வந்துகீது. அட்டைப்பொட்டில பெரிய பொட்டலமா போட்டுருப்பான். ஒடனே போய்க் கேளு, குப்பைல போட்றப்போறாங்க."

எண்ணெய் தடவினால் தூசி ஒட்டுகிறது, கிரீஸ் அசிங்கமாக இருக்கிறது என்று அவர் புலம்பியபோது, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பை மெல்லிசாகப் பூசிப் பாருங்கள், பிரேக் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள் என்று நான்தான் சொன்னேன். அவர் நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கான கிரீமில் அது இருப்பதைக் கண்டுபிடித்து, கடையில் இருந்த டியூப் முழுவதையும் கேட்டிருக்கிறார். கடைக்காரர் இவருடைய நரைத்த மீசையைப் பார்த்திருக்கிறார்.

"வாழ்த்துகள் சார். பேரக்குழந்தையா?"

"இல்லப்பா, மாமனாரோடது."

அந்தக் கடைக்காரர் இன்றுவரை ஸ்டெல்லா அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு பெட்டி உண்டு. உள்ளே ராப்பகலாக உப்புநீர் பனிபோலப் பெய்துகொண்டிருக்கும். எந்தப் பூச்சு எவ்வளவு தாங்கும் என்று அதற்குள் வைத்துத்தான் பார்ப்போம். இதைச் சொன்னபோது சார் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு வாரம் யோசித்துவிட்டு, கிரீம் பூசிய ஒரு போல்ட்டைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். பிள்ளையை ஹாஸ்டலில் விட வந்தவர் மாதிரி முகம்.

"இவன அந்தப் பெட்டில வச்சுப் பாக்க முடியுமாம்மா?"

மேலாளரிடம் கேட்டு வைத்தேன். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க, பூச்சில்லாத ஒரு போல்ட். காலையிலிருந்து சாரின் போன்.

"எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான் சார்."

"பக்கத்துல இருக்கறவன்?"

"அவன் செவந்துட்டான் சார்."

"பாவம். யார் பெத்த பிள்ளையோ."

பூச்சில்லாதது மதியச் சாப்பாட்டுக்குள் செம்மண் நிறமாகிவிட்டது. சாருடைய போல்ட் மறுநாளும் அப்படியே மின்னியது. எங்கள் மேலாளரே அதைக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்து, யார் பூசியது என்று கேட்டார். கைவேலை அவ்வளவு சுத்தம். பூசுவதற்கு முன் கடைசி எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை துடைத்து, முழுக்க உலரவிட்டு, ஒரே கனத்தில் தடவியிருந்தார். எங்களிடம் அதற்கு இயந்திரம் இருக்கிறது. அவரிடம் பொறுமை இருந்தது.

ஆனால் இத்தனை அழகாகக் காப்பாற்றிய காரில் யாரும் எங்கும் போனதில்லை என்பதுதான் விஷயம்.

"இவர் கைக்கு வந்தப்புறம் இந்தக் கார்ல நான் போனது தெருமுனை பங்க் வரைக்கும்தான்" என்பார் ஸ்டெல்லா அக்கா. "அதுவும் டயருக்குக் காத்தடிக்க. சும்மா கெடைக்கிற காத்துன்னா அவருக்கு ஆகாது. காசு குடுத்து அடிக்கிற காத்துன்னா பரவால்ல."

அதுவரை அது சிரிப்புதான். போன வருஷம் மழை சற்று ஓய்ந்த சமயத்தில் அக்காவின் தங்கை ரோஸி கனடாவிலிருந்து ஒரு வார விடுப்பில் வந்தபோது அது சிரிப்பாக இல்லை. சின்ன வயதில் அப்பா இரண்டு பெண்களையும் இதே காரில் ஏற்றி, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போவாராம். அப்பாவின் அடக்கத்துக்கு ரோஸியால் வர முடியவில்லை. கார் உயிரோடு எழுந்துவிட்டது என்று தெரிந்ததிலிருந்து அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்து ஒருமுறை கோவளம் போக வேண்டும்.

"கோவளமா?" சார் மீட்டரை எடுத்தார். "கடல் பத்தடியில இருக்கும் ஸ்டெல்லா. அங்க காத்தே உப்பு. கோடைல பாத்துக்கலாம்."

"கோடைல அவ டொரன்டோல இருப்பா."

"டாக்சி புக் பண்ணிடறேன். ஏசி வண்டி."

அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பேசிக்கொண்டே இருக்கிற மனுஷி, இரண்டு நாளாகச் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுகிறார் என்று சார் என்னிடம் வந்து சொன்னார். "அவ திட்டினாக்கூடத் தேவல" என்றார். படியில் பார்த்த அக்கா என்னிடம் சொன்னது இன்னும் குறைவு. "திங்கக்கிழமை அவளுக்கு ஃப்ளைட்டும்மா."

சனிக்கிழமை காலை சார் கதவைத் தட்டினார். மழைக்காலம் என்பதால் புது ஏற்பாடு ஒன்று செய்திருக்கிறாராம், நான் பார்க்க வேண்டுமாம். துணி அலமாரியில் வைக்கிற டப்பா இருக்கிறதே, மேல்தட்டில் வெள்ளைக் கற்கள், ஈரத்தை உறிஞ்சிக் கீழ்த்தட்டில் தண்ணீராகச் சேர்க்குமே, அதை முன்சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். மூடியைக் கழற்றிவிட்டு வைத்தால் இன்னும் வேகமாக உறிஞ்சும் என்பது அவர் சொந்த யோசனை.

"காத்துல இருந்த தண்ணி எவ்ளோன்னு இப்ப பாருங்க" என்று பெருமையாகச் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார்.

டப்பா கவிழ்ந்து கிடந்தது. முந்தின நாள் சீட்டை நகர்த்தியபோது இடித்திருக்க வேண்டும். வெள்ளியாக மின்னிய தண்டவாளம் நெடுக ஈரம். ஓரத்தில், சீட்டு உரசிப் பூச்சு தேய்ந்த இடத்தில், ஆரஞ்சு நிறம் கோடு கட்டியிருந்தது.

"வெறும் தண்ணிதானே. துடைச்சிடலாம்" என்றார். கை லென்ஸ் துணியைத் தேடியது.

எப்படிச் சொன்னாலும் வலிக்கும் விஷயத்தை நேராகச் சொல்லிவிடுவது என் வழக்கம். "அது வெறும் தண்ணி இல்ல சார். அந்த வெள்ளைக் கல்லே ஒரு உப்புதான். கரைஞ்சு வழிஞ்சிருக்கு."

சார் அந்த ஆரஞ்சுக் கோட்டைக் குனிந்து பார்த்தார். "கடல் தண்ணி அளவுக்கு உப்பு இருக்குமா?"

"கடல் எவ்வளவோ பரவாயில்ல சார்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முனுசாமி அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், வண்டிக்கு ஒடம்பு சொகமில்லையா? அக்காவ இட்டாரவா?"

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னேன். சீட்டைக் கழற்ற வேண்டும். நல்ல தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவ வேண்டும். துருக் கோட்டைத் தேய்த்தெடுத்து, உலர்த்தி, பூச வேண்டும். இரண்டாவதைக் கேட்டதும் என்னைக் கொலைகாரியைப் போலப் பார்த்தார்.

"தண்ணியா? இந்த வண்டிக்குள்ளயா?"

"உப்பு தொடைச்சாப் போகாது சார். கழுவினாத்தான் போகும்."

முனுசாமி அண்ணன் ஹோஸ் பைப்பை இழுத்துவந்தார். சார் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கழுவி முடித்தபோது ஸ்டெல்லா அக்கா ஒன்றும் பேசாமல் ஹேர் டிரையரை நீட்டினார். தேய்ப்பதையும் பூசுவதையும் சார் வேறு யாரையும் தொடவிடவில்லை. மதியத்துக்குள் தண்டவாளம் பழையபடி மின்னியது. ஆரஞ்சுக் கோடு இருந்த இடத்தை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தார்.

"ஆக, கடல விட மோசமான உப்ப வீட்லயே வண்டிக்குள்ள ஊத்தியாச்சு."

"ம்."

"கழுவினதும் போயிடுச்சு."

"ம்."

"அப்ப கோவளத்து உப்பு மட்டும் கழுவினா போகாதா?"

மேல்முறையீட்டுக்கு வந்தவர் போல சார் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா சொல்றது சரி சார்" என்றேன். "அன்னிக்கே கழுவிட்டா ஒண்ணும் ஆகாது."

மறுநாள் காலை கார் கிளம்பியது. நான் முன்சீட்டில், மடியில் துடைக்கிற துணி மூட்டையோடு. அஸ்தினாபுரத்துச் சனம் வாசலில் நின்று பார்த்தது. மேடவாக்கம் தாண்டும்வரை சார் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் எங்களைத் தாண்டும்போது, "சாவு ஊர்வலமா சார்?" என்று விசாரித்துவிட்டுப் போனார். கேளம்பாக்கத்தில் இடதுபக்கம் திரும்பியதும் காற்றில் கடல் வாடை வந்தது. சாரின் கை சட்டைப் பைக்குப் போனது. பிறகு ஸ்டியரிங்குக்கே திரும்பிவிட்டது.

பின்சீட்டில் அம்பது தாண்டிய இரண்டு பெண்கள் ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போகும்போது நான். வரும்போது நீ. அப்பா சொன்னது அதான்."

"அப்பா அப்படிச் சொல்லவே இல்ல. நீயா சொல்லிக்கிட்டது."

கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு இருவரும் கடலுக்கு நடந்தார்கள். சார் காரைவிட்டு நகரவில்லை. நெடுநேரம் கழித்து அவர்கள் திரும்பியபோது புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. கால் நிறைய மணல். ரோஸியின் கண் சிவந்திருந்தது. நான் துணி மூட்டையைப் பிரித்துத் துண்டைத் தேடினேன்.

"விடுங்கம்மா" என்றார் சார். உறை போடாத கையால் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "அவங்க அப்பா வண்டி. அப்படியே ஏறட்டும்."

அன்று சாயங்காலம் கழுவினோம், உலர்த்தினோம், பூசினோம். திங்கட்கிழமை ரோஸியை விமான நிலையத்தில் விட்டுவந்ததும் அதே கார்தான்.

அடுத்த ஞாயிறு என் கதவு தட்டப்பட்டது. சார்தான்.

"ஸ்டெல்லா மாமல்லபுரம் போலாமான்னு கேக்குறா. அங்க உப்பு எப்படி இருக்கும்மா?"

"நிறைய இருக்கும் சார்."

"அப்ப வந்ததும் கழுவ ரெண்டு வாளி வேணும். எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."

என் குளியலறையில் துணி ஊறப்போட்டிருந்த வாளியைக் காலி செய்து எடுத்துக்கொண்டு, அவருக்கு முன்னால் நான் படியிறங்கினேன்.