மாமனார் பெயரில் ஒரு காகித வீடு

வீடு முழுக்க எரிந்து சாம்பலான பிறகுதான் பாவ்சென் அதன் புகைப்படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தான். பார்த்ததும், "ஐயையோ!" என்று எழுந்து நின்றுவிட்டான்.

மூங்கில் குச்சியும் வண்ணக் காகிதமும் கொண்டு மூன்று தலைமுறை உட்கார்ந்து நான்கு ஞாயிற்றுக்கிழமை கட்டிய வீடு அது. மாமியார் சியூமான் இறந்து ஓராண்டு ஆகிறது. காகிதத்தில் செய்து எரித்தால் அது அந்த உலகத்தில் இறந்தவருக்குப் போய்ச் சேரும் என்பது தைவான்காரர்களின் நம்பிக்கை. தைனான் நகரமே கடையில் ரெடிமேடாக வாங்கி எரித்துவிட்டுப் போகும்போது, மனைவி மெய்ச்சின்தான், "அம்மாவுக்கு நாமளே கட்டி அனுப்புவோம். அப்பாவும் டிவி முன்னாடியிருந்து எழுந்த மாதிரி இருக்கும்" என்று கிளப்பினாள்.

மாமனார் ஷுய்லாய் மூங்கிலைச் சீவிச் சட்டம் கட்டினார். மெய்ச்சின் சுவர் ஒட்டினாள். ஒன்பது வயது மகள் யுவான் ஏசி, பாட்டி மாஜாங் விளையாட ஒரு மேஜை எல்லாம் செய்துவிட்டு, யார் சொல்லியும் கேட்காமல் ஒரு நீச்சல் குளமும் வைத்தாள். நிலப் பதிவு அலுவலகத்தில் எழுத்தரான பாவ்செனுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார்கள். வாசலில் உரிமையாளர் பெயர்ப்பலகை எழுத வேண்டும். அதைத்தான் கெடுத்து வைத்திருந்தான்.

பதினைந்து வருடமாக மாமனாரின் வீட்டு வரிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்த கை அது. 'உரிமையாளர்' என்றதும் மூளையைக் கேட்காமலே 'ஷுய்லாய்' என்று எழுதிவிட்டது. கோயிலில் காகிதம் எரிக்கும் உலைக்கு முன்னால் கடைசி நிமிடத்தில் ஒட்டியதால் யாரும் படித்துப் பார்க்கவில்லை. புகைப்படம் எடுத்தவனும் அவன்தான், அதைக் குடும்பக் குழுவில் போட்டவனும் அவன்தான்.

ஆக, உயிரோடிருக்கும் மனிதருக்கு அந்த உலகத்தில் வீடு தயார். எமராஜன் ஆபீசில் பட்டா பதிவாகியிருக்கும். ஆள் குடிபோக வேண்டியதுதான் பாக்கி. மாமனாரைக் கண்டால் பாவ்செனுக்கு நடுக்கம்தான், ஆனால் அவர் சாக வேண்டும் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. அம்மாவை இழந்த மெய்ச்சினிடம் அப்பாவையும் அனுப்பிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

முதல் வேலையாகக் குழுவிலிருந்து படத்தை அழித்தான். 'பாவ்சென் ஒரு செய்தியை நீக்கினார்' என்று கைப்பேசி ஊருக்கே தண்டோரா போட்டது.

"ஏங்க, போட்டோவை ஏன் எடுத்தீங்க?" சமையலறையிலிருந்து மெய்ச்சின்.

"மங்கலா இருந்துச்சு."

"பளிச்சுன்னு இருந்துச்சே!"

அடுத்த நிமிடம் மாமனாரின் குரல் பதிவு வந்தது. "யோவ் மாப்பிள்ளை, நான் அப்பவே சேமிச்சு வெச்சுட்டேன். நாளைக்குப் பெருசா பிரிண்ட் போட்டுக் கூடத்துல மாட்டப் போறேன். நாலு வாரம் கை வலிக்க வலிக்கக் கட்டுன வீடுய்யா!"

பாவ்செனுக்கு அன்றிரவு கண் மூடவில்லை.

திங்கட்கிழமை காலை கஞ்சி குடிக்கும்போது மாமனார் இரண்டு தடவை இருமினார். அவ்வளவுதான். அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அவரை ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். ரத்தம், ஸ்கேன், ஒன்றையும் விடவில்லை.

"இருதயம் நாப்பது வயசுக்காரனோடது மாதிரி அடிக்குது" என்றார் டாக்டர்.

"திடீர்னு நின்னுடாதே?" என்றான் பாவ்சென்.

டாக்டர் அவனைப் பார்த்தார். மாமனாரும் அவனைப் பார்த்தார், அதுவும் வெகுநேரம்.

"பதினஞ்சு வருஷமா என் உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்ப என்னய்யா திடீர்னு? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"ஒ... ஒண்ணுமில்ல மாமா. சும்மாதான்."

"சும்மாவா?"

சும்மா என்று சொன்னவனுக்கு ஏசி அறையில் சட்டை நனைந்துவிட்டது.

நோய் இல்லை என்றால் விபத்துதான். அந்த முடிவுக்கு வந்த பாவ்சென், செவ்வாய்க்கிழமை மாமனாரின் ஸ்கூட்டர் சாவியைத் திருடி அரிசிப் பானைக்குள் புதைத்தான். புதன்கிழமை காலை சாவியைத் தேடிப் பார்த்த கிழவர், சரிதான் போ என்று வெயிலில் நடந்தே எங்கோ புறப்பட்டுவிட்டார். திரும்பி வரும்போது சாக்கடை மூடியில் கால் இடறி, கணுக்கால் வீங்கி, இருவர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள்.

"தொடங்கிருச்சு" என்று பாவ்சென் வாய்விட்டே சொல்லிவிட்டான்.

"என்னங்க தொடங்கிருச்சு?" என்றாள் மெய்ச்சின்.

"வீ... வீக்கம்."

"இந்த வயசுல இந்த வெயில்ல எங்கப்பா போனீங்க?" என்று அவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு சின்ன வேலை இருந்துச்சு. முடிச்சுட்டேன்" என்றார் மாமனார். முகத்தில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் பாவ்செனை இன்னும் பயமுறுத்தியது.

அன்று இரவுச் சாப்பாட்டில் நடந்ததை அவனால் நம்பவே முடியவில்லை. மீனின் வயிற்றுத் துண்டு என்றால் ஷுய்லாய் பெற்ற மகளுக்குக்கூடத் தர மாட்டார். அதை எடுத்து அவன் கிண்ணத்தில் வைத்தார்.

"சாப்பிடுங்க மாப்பிள்ளை."

சாப்பிடுங்க! பதினைந்து வருடத்தில் முதல் 'ங்க'. 

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார் மாமனார்.

"தெரியாது மாமா."

"பரவாயில்ல. நிதானமாக் கத்துக்கலாம்." கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தார். "வீட்டுக்கும் ஆபீசுக்குமா ஓடிக்கிட்டே இருக்கீங்க. ரெண்டு நாள் லீவு போட்டு மெய்ச்சினையும் குழந்தையையும் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க. மனசுல எதையும் பாக்கி வெக்கக் கூடாது."

"மாமா..."

"உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. உங்களுக்கும் என் மேல இருக்கக் கூடாது, சரியா?" என்று அவன் தோளைத் தட்டினார்.

பாவ்சென் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். போகிற நேரத்தில்தான் மனிதர்கள் இப்படிக் கனிந்துபோவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறான். அவ்வளவு நல்ல மனிதரை, ஒரு தூரிகையும் கையுமாக உட்கார்ந்து கொன்றுகொண்டிருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

வியாழக்கிழமையும் மீன் வயிறு வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அவனால் தாங்க முடியவில்லை. கோயில் தெருவில் காகிதக் கார்களுக்கும் காகித வேலைக்காரர்களுக்கும் நடுவே கடை வைத்திருக்கும் ஃபாங் அக்காவிடம் ஓடினான். மூங்கிலும் காகிதமும் அவளிடம்தான் வாங்கியிருந்தார்கள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினான்.

"அக்கா, அவரைக் காப்பாத்தணும். என்ன பரிகாரம் வேணும்னாலும் செய்றேன்."

ஃபாங் அக்கா பசை ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "இதுக்கா இந்தப் பதற்றம்? வீடுன்னு ஒண்ணு இருந்தா பேர் மாத்துற பத்திரமும் இருக்கும்ல? எழுதி, உலையில போட்டா முடிஞ்சுது."

பாவ்செனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மஞ்சள் தாளை வாங்கி, தூரிகையை மையில் தோய்த்து, இந்தத் தடவை ஒன்றுக்கு மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, மாமனார் பெயரிலிருந்து மாமியார் பெயருக்கு மாற்றி எழுதினான்.

ஃபாங் அக்கா எழுதிய பெயர்களை எட்டிப் பார்த்தாள். "இரு தம்பி. எந்த வீடு இது? நீச்சல் குளம் வெச்ச வீடா?"

"ஆமாக்கா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் மெல்ல அவன் கையிலிருந்த தூரிகையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அந்த வீடு இப்ப உங்க மாமனார் பேர்ல இல்லையே தம்பி. புதன்கிழமையே அவர் அந்தப் போட்டோவோட நடந்து வந்து, உங்க பேருக்கு மாத்தி எழுதி எரிச்சுட்டுப் போயிட்டாரே!"